மடித்து வைத்த கல்யாணம்

கல்யாண வீடியோவை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. பெண் வீட்டார் ஒரு முறை போட்டு, நகை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் பந்தி ஓடும் இடத்தில் நிறுத்தி, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கவனித்துக்கொள்வார்கள். அதோடு சரி. அதற்குப் பிறகு அது எங்காவது ஒரு கணினியில் கிடந்து கரண்டைத் தின்றுகொண்டிருக்கும்.

அப்படித் தின்பதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்ட வருஷம்தான் நிதிலனுக்கு நல்ல காலம் பிறந்தது. கோப்புகளைச் சேமித்து வைக்கும் கிடங்குகள் ஊர் ஊராகப் பெருகி, அவற்றைக் குளிரவைக்கத் தண்ணீர் போதாமல் போய்விட்டது. குடிக்கவா, கோப்புக்கா என்ற கேள்வி வந்ததும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் இவ்வளவுதான் இடம் என்று ரேஷன் அரிசி மாதிரி அளந்து கொடுத்துவிட்டார்கள். ஜனங்கள் எதையெதையோ அழித்தார்கள். கல்யாணத்தை அழிக்க மட்டும் மனசு வரவில்லை. பார்க்கவும் மாட்டார்கள், அழிக்கவும் மாட்டார்கள். கோயம்புத்தூரில் ‘பேழை’ என்ற கம்பெனி இந்த இடம் பார்த்துத்தான் கடை விரித்தது.

எட்டு மணி நேரக் கல்யாணத்தை ஒரு சினிமாப் பாட்டின் அளவுக்குச் சுருக்கித் தருவார்கள். கம்பெனியில் அதற்கு மடிப்பு என்று பெயர். பட்டுச்சேலையை மடித்துப் பெட்டியில் வைப்பதுபோல மடித்து, குடும்பத்தாரின் கைரேகையால் பூட்டிவிடுவார்கள். மடிப்பதும் எந்திரம், பூட்டுவதும் எந்திரம். பூட்டிய பிறகு கம்பெனிக்காரர்களே தலைகீழாக நின்றாலும் திறக்க முடியாது. ‘உங்கள் வீட்டு விசேஷத்தை நாங்கள்கூடப் பார்ப்பதில்லை’ என்று ஊரெல்லாம் பலகை வைத்திருந்தார்கள். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூலப் பதிவை அழித்துவிட்டு, மடித்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். போட்டோக்களையும் வீடியோவிலிருந்தே எடுத்துக்கொள்ளும் காலம் என்பதால் வேறெதையும் தனியாக வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வேண்டும்போது விரித்துப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா.

அந்த மடிப்பைக் கண்டுபிடித்தவன் நிதிலன். அதற்காக அவனுக்குத் தனி அறை கிடைத்தது, கம்பெனி கார் கிடைத்தது, கொஞ்சம் தலைக்கனமும் கிடைத்தது. கடைசியாகக் கிடைத்ததை அவன் தன்னம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலையில் வரவேற்பறைப் பெண் அவனைக் கூப்பிட்டாள். காங்கேயத்திலிருந்து ஓர் அம்மா வந்திருக்கிறார், யார் சொன்னாலும் நகர மாட்டேன் என்கிறார், மடிப்பைச் செய்தவரைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் என்றாள். நிதிலன் போய் அழைத்து வந்தான். தாரகை என்று பேர். முப்பத்தைந்து வயது இருக்கும். கொப்பரைக் களம் நடத்துகிறவள். வெயிலில் நிற்கிறவர்களுக்கே உரிய நிறமும், சுற்றி வளைக்காத பேச்சும் இருந்தன.

“எங்கம்மா தவறிப் போயி மூணு மாசம் ஆச்சுங்க,” என்றாள். “இத்தன வருசம் தொறக்காத கல்யாண வீடியோவ இப்பத்தான் விரிச்சுப் பாத்தனுங்க. அதுல எங்கம்மா நின்ன எடத்துல வேற யாரோ நிக்கறாங்க.”

“வேற யாரோன்னா?”

“வேற ஒரு பொம்பளைங்க. எனக்கு அவங்க யாருன்னே தெரியாது.”

நிதிலன் சிரித்துக்கொண்டான். வாடிக்கையாளர்கள் விதவிதமாகக் குழப்பிக்கொள்வார்கள். சிலர் அடுத்தவர் கல்யாணத்தைத் திறந்துவிட்டுத் தன் பெண்டாட்டியைக் காணோம் என்றுகூட வந்திருக்கிறார்கள். அவளைக் கைரேகை வைக்கச் சொன்னான். அவள் வைத்தாள். சுவரில் இருந்த பெரிய திரையில் கல்யாணம் விரிந்தது.

மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் அவ்வளவு துல்லியமாக இருந்தார்கள். மாலையில் எந்தப் பூ வாடியிருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம். நிதிலனுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. தாரகை எழுந்து போய்த் திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். மேடைக்குத் தள்ளி, பந்திக்குப் போகும் வாசலுக்குப் பக்கத்தில், ஒரு தூணை ஒட்டி ஒரு பெண் நின்றிருந்தாள்.

“எங்கப்பா சின்ன வயசுலயே போயிட்டாருங்க. தாலி கட்டற நேரத்துல எதுக்க வரக்கூடாதுன்னு அம்மா அங்க போயி நின்னுக்கிட்டாங்க. யாரும் சொல்லலைங்க, அவங்களே போயிட்டாங்க. சேலையெல்லாம் அதேதான். மொகத்தப் பாருங்க.”

நிதிலன் முகத்தைப் பெரிதாக்கினான். அகலமான நெற்றி, பாந்தமான சிரிப்பு. அந்த முகம் எந்தத் தாய்க்கும் பிறந்ததில்லை. அவனே நூறு முகங்களைக் கலந்து ஆய்வுக்கூடத்தில் செய்தது. அவனுடைய குழுவில் அதைச் சின்னம்மா என்று கூப்பிடுவார்கள். கூட்டத்தை நிரப்புவதற்கென்று அப்படி நிறையச் செய்து வைத்திருந்தார்கள். தாரகையின் அம்மா போய்விட்டார், அவர் இடத்தில் சின்னம்மா வந்து நிற்கிறாள் என்பது அவனுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது.

தெரிந்தும் அவன் வாயிலிருந்து வந்தது வேறு. “வெளிச்சம் பத்தலைங்க,” என்றான். “எடுத்தவங்க சரியா எடுக்காட்டி எந்திரம் என்ன பண்ணும்? இருக்கறத வெச்சுத்தான அது விரிக்கும்.”

“மண்டபத்துல அத்தன லைட்டு போட்டிருந்தாங்களே. எங்க சித்தப்பா பையன்தாங்க எடுத்தான், நல்லாவே எடுப்பான்.”

“தூரம் ஜாஸ்திங்க. ஃபோகஸ் போயிருக்கும்.”

“அப்போ அவன் பண்ணுன தப்புங்களா?” அவள் குரல் இறங்கிவிட்டது. நிதிலன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தான்.

“அம்மாவோட அடையாள அட்டை இருக்குதுங்களா? அதுல இருக்கற போட்டோவ வெச்சு மொகத்த மாத்திக் குடுத்தர்றோம். காசு எதுவும் வேண்டாம்.”

“மொகம் எனக்கு மறக்கலைங்க,” என்றாள் தாரகை. “தாலி ஏறுறப்போ அம்மா அழுதாங்களா சிரிச்சாங்களான்னு பாக்கோணும். அன்னைக்கு நான் திரும்பிப் பாக்கல. கழுத்துல மாலை, பக்கத்துல அவரு, சுத்தி அத்தன பேரு. அப்பறமா வீடியோவுல பாத்துக்கலாம்னு இருந்துட்டனுங்க. அட்டை போட்டோவ ஒட்டி வெச்சா அது எனக்கு எப்படித் தெரியும்?”

நிதிலன் திரையை அணைத்தான். பிறகு அவளே, வேலை நேரத்தில் வந்து தொந்தரவு பண்ணிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி, கைகூப்பிவிட்டுப் போனாள். போகும்போது நன்றி வேறு சொன்னாள். அந்த நன்றியைக் கேட்டதும் நிதிலனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

மத்தியானம் அவன் ஜெயந்தனின் அறைக்குப் போனான். ஜெயந்தன் பேழையின் நிர்வாகி. நிதிலனைவிடப் பத்து வயது மூத்தவர். நடந்ததைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“இது மொத ஆளு இல்ல நிதிலா. கொஞ்ச நாளாவே வந்துட்டு இருக்குது. வெளிச்சம் பத்தலைன்னு நாங்களே பதில் சொல்லி அனுப்பிட்டு இருக்கோம்.”

பொய்யில்கூடத் தனக்குச் சொந்தமாக ஒன்று தோன்றவில்லையே என்று நிதிலனுக்கு இருந்தது. “யாரெல்லாம்ணா காணாமப் போயிருக்காங்க?” என்று கேட்டான்.

“ஒருத்தருக்கு அக்கா. புருசன் எறந்து போனவங்க. இன்னொருத்தருக்குச் சித்தி, கொழந்தை இல்லாதவங்கன்னு சீர் எதுலயும் சேக்கலையாம். ஒரு மண்டபத்துல தவில் வாசிச்சவரோட மகன் கேட்டிருக்கான், அப்பா வாசிச்ச கடைசிக் கல்யாணமாம். தவில் இருக்குது, ஆளு வேற.” ஜெயந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எல்லாம் ஓரமா நின்னவங்க. ஓரத்துல நிக்கறவங்களையெல்லாம் வெச்சுக்கணும்னா கோப்பு மூணு மடங்கு ஆயிரும். கம்பெனிய மூட வேண்டியதுதான். சும்மா போயி வேலையப் பாரு.”

அவன் போய் வேலையைப் பார்த்தான். இரண்டு மூன்று நாள் பார்க்கவும் செய்தான். ஆனால் சித்தப்பா பையன் மண்டைக்குள் வந்து நின்றுகொண்டான். முகம் தெரியாத ஆள். காங்கேயத்தில் யாரோ ஒருத்தன், அக்கா கல்யாணத்தை நன்றாக எடுத்துக் கொடுத்தோம் என்று நிம்மதியாக இருந்தவன், இப்போது சொந்தபந்தத்திடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிதிலன் காரை எடுத்துக்கொண்டு காங்கேயம் கிளம்பினான்.

களத்தில் தேங்காய்களை உடைத்து வெயிலுக்குக் காட்டிப் பரப்பியிருந்தார்கள். தாரகை அவற்றைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிழலில் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டச் சொன்னாள். இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டு இதைச் சொல்ல முடியாது என்று அவன் நின்றபடியே பேசினான்.

“வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. உங்க தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்.”

அவள் கையில் இருந்த புரட்டுகோலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

“எட்டு மணி நேரத்துல எதைய வெச்சுக்கறது, எதைய விடறதுன்னு எந்திரத்துக்குத் தெரியாதுங்க. பூட்டற கோப்பு, நாங்க தொறந்து பாக்கக்கூடாது. உங்களையும் ஒவ்வொருத்தராக் கேட்டுட்டு இருக்க முடியாது. அதனால நான் ஒரு வழி பண்ணுனேன். மண்டபத்துல இருக்கறவங்க கண்ணெல்லாம் யாரு மேல போவுதுன்னு பாக்கச் சொன்னேன். நாலு பேரு பாக்கறவங்கதான முக்கியமானவங்க. அவங்கள அப்படியே வெச்சுக்கும். யாரும் பாக்காதவங்களுக்கு நின்ன எடத்தையும் துணியையும் மட்டும் எடுத்துக்கிட்டு, கூட்டம்னு குறிச்சுக்கும். விரிக்கறப்போ அந்த எடத்துல வேற மொகத்தப் போட்டு நெரப்பிக்கும். சேர்ல ஒக்காந்து தூங்கறவங்க, பந்தியில எடம் புடிக்கறவங்க, அவங்களுக்குத்தான் இதுன்னு நெனச்சேன்.”

“அப்போ எங்கம்மா மொகம் எங்கயுமே இல்லைங்களா?”

“இல்லைங்க. மூலப் பதிவ அழிச்சாச்சு. எங்க தேடுனாலும் கெடைக்காது.”

அவள் புரட்டுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள். “எத்தன பேரு பாத்திருந்தா வெச்சிருக்குங்க?”

இந்தக் கேள்விக்கு அவன் உண்மையான பதிலைச் சொல்லியிருக்கவே வேண்டாம். பத்துப் பேர் என்று சொல்லியிருக்கலாம், தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாள் பொய் சொன்னவனுக்கு அன்றைக்குப் பார்த்து உண்மை முட்டிக்கொண்டு வந்தது.

“ஒருத்தர் போதுங்க. ஒருத்தர் ஒரு தடவ நின்னு பாத்திருந்தாப் போதும்.”

தாரகை களத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. முகம்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“மேடையில இருந்து நான் எல்லாத்தையும் பாத்தனுங்க,” என்றாள். “எங்க ஸ்கூல் டீச்சர் வந்துட்டாங்களான்னு பாத்தேன். அவரு ஆபீஸ்காரங்களுக்குச் சேர் கெடச்சுதான்னு பாத்தேன். அம்மா எங்க போயிரப் போறாங்க, இங்கதான நிப்பாங்கன்னு இருந்துட்டேன். மிசின் மேல என்னங்க தப்பு இருக்குது. அது எங்களையாட்டவே பாத்திருக்குது.”

இந்தப் பெண் மூன்று மாதமாகத் தாயை இழந்தவளாக மட்டும் இருந்தாள். இனி இந்த ஒன்றையும் சேர்த்துச் சுமப்பாள், அதைத் தூக்கி வைத்தவன் தான்தான் என்று நினைக்க நிதிலனுக்குத் தாங்க முடியவில்லை.

அவளே கேட்டாள். “உங்களுக்கு அம்மா இருக்கறாங்களா?”

“இருக்காங்க. எங்கப்பா நான் காலேஜ் படிக்கறப்பவே போயிட்டாருங்க.”

“உங்க கல்யாணத்துலயும் அம்மா இப்படித்தான் ஓரமா நின்னாங்களா?”

நிதிலனுக்குத் தலை நிமிர்ந்தது. இது அவனுக்குப் பிடித்த கதை. ஆபீசில் மகளிர் தினத்துக்குச் சொல்லியிருக்கிறான், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் சொல்லியிருக்கிறான், ஒரு முறை மைக் முன்னால் நின்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறான்.

“நான் விடலைங்க,” என்றான். “சொந்தக்காரங்க எத்தனையோ பேரு தடுத்தாங்க. எங்கத்தை கல்யாணத்துக்கே வரமாட்டேன்னாங்க. முடியவே முடியாதுன்னுட்டேன். எங்கம்மாதான் மேடையேறித் தாலித் தட்ட என்ற கையில குடுத்தாங்க. அன்னைக்கு அம்மா மொகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சு பாருங்க, அதுக்காகவே எத்தன பேர வேணாலும் எதுத்துக்கலாம்.”

இந்த இடத்தில் இதைச் சொல்லியிருக்க வேண்டாம்தான். மன்னிப்புக் கேட்க வந்தவன் மார் தட்டிக்கொண்டு நின்றான். ஆனால் தாரகை தப்பாக நினைக்கவில்லை.

“நீங்க பெரிய மனசுக்காரருங்க,” என்றாள். “எனக்கு அப்படி ஒண்ணு செய்யோணும்னு தோணவே இல்லையே.” வாசல் வரை வந்து வழியனுப்பினாள். டிக்கியில் ஒரு மூட்டைத் தேங்காயும் ஏற்றிவிட்டாள்.

திரும்பும் வழியில் அவனுக்கு மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, பாரம் இறங்கியது என்று நினைத்தான். அவள் கடைசியாகச் சொன்னதும் காதில் இனிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெயந்தனிடம் நாளைக்குச் சண்டை போட்டு மடிப்பை மாற்ற வைக்க வேண்டும் என்று முடிவு செய்தான். அதற்கு உதாரணமாகத் தன் கல்யாணத்தையே போட்டுக் காட்டலாம் என்றும் தோன்றியது. அம்மாவைப் போல எல்லாரையும் மேடையேற்றியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்று சொல்லலாம்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்துத் திரையில் கைரேகை வைத்தான். மடித்து வைத்த நாளிலிருந்து அதை அவன் விரித்ததே இல்லை. முகூர்த்த நேரத்துக்கு ஓட்டினான்.

மேடையில் பட்டுவேட்டியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி அவந்திகா குனிந்த தலையோடு இருந்தாள். தாலித் தட்டு வந்தது. தட்டைப் பிடித்த கைகள் அப்படியே அம்மாவின் கைகள். தோசைக்கல் சுட்ட வடு இருந்தது, வளையல் இல்லாத மணிக்கட்டு இருந்தது. கைகள் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தன. விரிப்பில் ஏதோ கோளாறு, நாளைக்குச் சரிபார்க்க வேண்டும் என்று தொழில் புத்தியில் நினைத்துக்கொண்டான். பிறகு படம் மேலே ஏறியது. அந்தக் கைகளுக்கு மேலே அவன் பார்த்தேயிராத ஒரு பெண் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அவன் நிறுத்தினான். பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தான். சிலர் கண்கள் தாலித் தட்டில் இருந்ததால் எந்திரம் அதைப் பிடித்த கைகளை வைத்துக்கொண்டிருக்கிறது, அது புரிந்தது. அம்மா மேடையேறியதை ஊரே பார்த்ததே, அது எங்கே போயிற்று என்று கீழே இருந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் மெச்சியும் முறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தது அவனைத்தான். ஊரை எதிர்த்துக்கொண்டு நிற்கிறவனை விட்டுவிட்டு ஊர் வேறு யாரைப் பார்க்கும்?

ஒருத்தர் போதும் என்று காலையில் தானே சொன்னது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் அவன் திரையில் தன் கண்களைத் தேடினான். தட்டை வாங்கும்போது அவன் முகவாயைத் தூக்கிக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாலி கட்டி முடித்ததும் கேமராவைப் பார்த்தான். அம்மா இறங்கிப் போகும்போது கீழே யாருக்கோ கையசைத்துக்கொண்டிருந்தான். மேடையில் இருந்த நேரம் முழுவதையும் அவன் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி தட்டு வரும் இடத்துக்கே வந்தான். தட்டை நீட்டியவளின் பக்கம் ஒரு தடவைகூட அவன் திரும்பவில்லை.

“உன்ற கல்யாணமா கண்ணு?”

அம்மா பின்னால் வந்து நின்றிருந்தார். கவிதாமணி அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணி மடிக்கிற நேரம். தோளில் இரண்டு துண்டு கிடந்தது. அவன் அணைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

“கை என்ற கையாட்டவே இருக்குது. மொகம் யாருது?” என்று கிட்டே வந்து கண்ணைச் சுருக்கினார். “யாரா இருந்தாலும் லட்சணமா இருக்கறா. என்னமா சிரிக்கறா பாரு.”

நிதிலன் திரையை அணைக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

“நான் எங்க அன்னைக்குச் சிரிச்சேன்,” என்றார் அம்மா. குரலில் குறை ஒன்றும் இல்லை, பழைய சேதி சொல்வதுபோலத்தான் சொன்னார். “வரமாட்டேன்னு இருந்த உங்க பெரியத்தை கீழ நின்னு உன்னைய மொறச்சுட்டே இருந்தாங்க. எனக்குக் கையெல்லாம் வெடவெடன்னு ஆடிப்போச்சு. தட்டக் கீழ போட்டுருவனோ, பையனுக்கு ஆகாமப் போயிருமோன்னு ஒரே அழுகை. எறங்கிக்கறேன் சாமி, வேற யாராச்சும் குடுக்கட்டும்னு சொல்லலாம்னு உன்ற மொகத்தையே பாத்துட்டு நின்னேன். நீ அந்தப் பக்கமாப் பாத்துட்டு இருந்த.”

சொல்லிவிட்டு, அந்தப் பெண் யார் என்று மறுபடி கேட்டார். அவன் பதில் சொல்வான் என்று துண்டை மடித்தபடி காத்திருந்தார். கைக்கு எட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தார். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க நிதிலனுக்கு வெட்கமாக இருந்தது. திரையில் நடுங்கிக்கொண்டிருந்த கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.